மாஸ்த்ரோ நினோவின் காதும் தனினோவின் கார்க் கதவுகளும்

கோவிலில் பூசை முடிந்து அன்னதானத்துக்கு வரிசையில் நிற்கும்போது யாராவது ஒருவர் என் தோளைத் தட்டுவார். "அண்ணை, நீங்கள் கார் ஸ்பீக்கர் வேலை செய்தனீங்கள்தானே? கொம்பனியாலை வந்த கதவு ஸ்பீக்கர் சரியில்லை. மாத்தப்போறன். எது நல்ல சாமான்?" என்பார். கையில் கோப்பையோடு நான் விளக்கம் சொல்லத் தொடங்கினால் பின்னால் நிற்பவர்கள் விடமாட்டார்கள். "அண்ணை, முதல் சோத்தை வாங்குங்கோ. ஸ்பீக்கர் ஆறாது, சோறு ஆறிப்போம்" என்பார்கள். இப்படிப் பல தடவை பாதியில் நின்றுபோன பதிலை இந்த மலரில் எழுதித் தரும்படி கேட்டார்கள். நான் ஊரில் எட்டாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதில் சின்னதுதான். நல்ல ஸ்பீக்கரைக் கடையில் வாங்கலாம். ஆனால் அதைப் பூட்டுகிற கதவு ஒழுங்காக இருக்கவேண்டும், பூட்டிய பிறகு கேட்டுப் பார்க்கிற காதும் ஒழுங்காக இருக்கவேண்டும். கதவைப் பற்றி எனக்குச் சொல்லித் தந்தவர் என் முதலாளி மாஸ்த்ரோ நினோ. காதைப் பற்றி அவருக்கு நான் சொல்லவேண்டி வந்தது. என் வேலைக்காலம் முழுவதிலும் அதைவிடப் பெரிய கஷ்டம் நான் பட்டதில்லை.

இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோவுக்கு வந்த புதிதில் எல்லோரையும் போல நானும் வீடு துடைத்தேன். ஒருநாள் நான் வேலை செய்த வீட்டுச் சிஞோரா, கால்சாப் பகுதியில் ஒரு ஒழுங்கைக்குள் இருக்கும் கராஜில் தன் கார் ரேடியோ வேலைக்கு நிற்கிறது, முடிந்துவிட்டதா என்று பார்த்து வா என்று அனுப்பினா. போனால், ஒரு மனிதர் கார்க் கதவுக்குள் தோள்வரை கையை விட்டுக்கொண்டு, வாயில் டோர்ச்சைக் கடித்தபடி திட்டிக்கொண்டிருந்தார். நான் அந்த டோர்ச்சை வாங்கி அவர் கை போகிற பக்கமெல்லாம் பிடித்தேன். வேலை முடிந்ததும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார். "நாளைக்கும் வா" என்றார். நான் ஓய்வு பெறும்வரை அந்த 'நாளைக்கு' முடியவில்லை.

மாஸ்த்ரோ என்பது கைவேலை தெரிந்தவருக்கு இந்த ஊர் கொடுக்கும் மரியாதைப் பேர். அவர் பேசியது சிசிலிப் பாஷை. நான் அதை எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன். அவருடைய சூடும் பகிடியும் அதில்தான் சரியாக வருகின்றன.

முதல் மாதங்களில் எங்களுக்குள் வந்த சண்டை எல்லாம் தலையால் வந்தது. "கம்பியை மாறாமல் பூட்டினியோ?" என்று கேட்பார். நான் நம் வழக்கப்படி தலையை இரண்டு பக்கமும் மெதுவாக ஆட்டுவேன். அவருக்கு அது இல்லை என்று பட்டது. உடனே கதவைக் கழற்றுவார். எல்லாம் சரியாக இருக்கும். திரும்பப் பூட்டுவார், அடுத்த கதவுக்குக் கேட்பார், நான் திரும்பவும் ஆட்டுவேன். ஒருநாள் கையில் இருந்த ஸ்குறூட்றைவரை நிலத்தில் எறிந்துவிட்டு, "உன்ரை தலை ஸ்பிரிங்கிலையோ நிக்குது? சரியெண்டால் வாயைத் திறந்து சொல்லு!" என்று கத்தினார்.

பயத்தில் எனக்கு இத்தாலிச் சொல் வரவில்லை. "ஓம்" என்றேன்.

"அதென்ன, உங்கடை சாமியைக் கூப்பிடுறியோ?"

"இல்லை மாஸ்த்ரோ. எங்கடை பாஷையிலை ஓம் எண்டால் சரி எண்டு அர்த்தம்."

அன்றிலிருந்து கராஜில் சரி என்பதற்கு ஓம் என்ற சொல்தான் நின்றது. அவர் என்னைப் படித்ததுபோல நானும் அவரைப் படிக்கவேண்டியிருந்தது. 'இல்லை' என்பதற்குச் சிசிலிக்காரர் நாடியை மேலே தூக்கி நாக்கால் "ச்சு" என்று ஒரு சத்தம் போடுவார்கள். எங்களுக்கு அது இரக்கம். ஒருநாள் வேலை நடுவில், "பசிக்குது மாஸ்த்ரோ, போய்ச் சாப்பிட்டிட்டு வரட்டோ?" என்று கேட்டேன். அவர் "ச்சு" என்றார். என் பசியை நினைத்து மனம் இரங்குகிறாரே, எப்பேர்ப்பட்ட நல்ல மனிதர் என்று கும்பிட்டுவிட்டுப் போய் நிதானமாகச் சாப்பிட்டு வந்தேன். அதற்குப் பிறகு நடந்ததை மலரில் எழுதமுடியாது.

இனிக் கதவு. கொம்பனியால் வரும் ஸ்பீக்கர் பெரும்பாலும் கடதாசிக் கூம்பும் சின்னக் காந்தமும்தான். அதைக் கழற்றி நல்லதைப் போட்டால் போதும் என்று நினைக்கிறீர்கள். மாஸ்த்ரோ முதலில் கதவின் உள்பலகையைக் கழற்றி, வெறும் தகரத்தை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போவார். "டங்" என்ற இடத்திலெல்லாம் ஒட்டுகிற தாரை அழுத்தி ஒட்டுவார். திரும்பத் தட்டினால் "டக்" என்று வரவேண்டும். தகரத்தில் உள்ள ஓட்டைகளை அடைப்பார், ஏனென்றால் ஸ்பீக்கர் முன்னால் தள்ளுகிற காற்று பின்னால் ஓடி வந்தால் அடிச்சத்தம், அதுதான் கனத்த 'பாஸ்', செத்துவிடும். பிறகு தடித்த பலகையில் வளையம் வெட்டி, அதற்கு நீர்படாத பூச்சுப் பூசி, அதன்மேல் ஸ்பீக்கரை இருத்துவார்.

கதவுக்குள் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அதைக் கிழித்து எறிகிறவர்கள் பலர். பலெர்மோவில் மழை குறைவு, ஆனால் வந்தால் கோபத்தோடு வரும். கண்ணாடி இடுக்கால் தண்ணீர் கதவுக்குள் இறங்கி அடியால் போகும். அந்தத் தாள்தான் அது காருக்குள் வராமல் தடுப்பது. "இது கதவின்ரை உள்ளுடுப்பு" என்பார் மாஸ்த்ரோ. "இது இல்லாமல் ஒரு பொம்பிளையையும் ஆம்பிளையையும் தெருவிலை விடக்கூடாது, காரையும் விடக்கூடாது."

கடைசியில் கம்பி. ஒரு சின்னப் பற்றரியை ஸ்பீக்கரின் இரண்டு கம்பியிலும் தொட்டால் கூம்பு வெளியே துள்ளவேண்டும். உள்ளே இழுத்தால் கம்பி மாறியிருக்கிறது. ஒரு கதவு தள்ள மறு கதவு இழுத்தால், ஊஞ்சலை இரண்டு பேர் எதிரெதிராக ஆட்டுவதுபோல, ஒன்றும் நகராது. வாங்கின ஸ்பீக்கர் கூடாது என்று கடைக்காரனைத் திட்டுகிறவர்கள் முதலில் இதைப் பாருங்கள்.

இவ்வளவும் கைவேலை. இதன்பிறகு மாஸ்த்ரோ கையைக் கழுவி, சட்டையை மாற்றி, ஓட்டுநர் இருக்கையில் ஏறுவார். வேறு யாரும் அதில் இருக்கக்கூடாது. வேலைச் சாமான்கள் வைக்கும் எங்கள் ஆயுதப் பலகைக்கு மேலே, அவர் வைத்த, இந்த ஊரைக் காக்கும் புனிதை சாந்தா ரொசாலியாவின் படமும் நான் வைத்த பிள்ளையார் படமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. "ஒரு பல்ப் போதும், இரண்டு பேரும் பங்கு போடட்டும்" என்று அவரே ஒட்டிவைத்தார். கஷ்டமான கார் வந்தால், "உன்ரை அந்த வெள்ளை மாவைக் கொஞ்சம் தா" என்று என்னிடம் விபூதி வாங்கி நெற்றியில் பூசிவிட்டுச் சிலுவை போட்டுக்கொள்வார்.

கேட்பதற்கு எப்போதும் ஒரே பாட்டுத்தான். ஒரு பெண் தனியாகப் பாடுவாள், பின்னால் சின்னத் தாளம் ஒன்று மெதுவாகக் கிணுகிணுக்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். இருக்கைக்குக் கீழே இருக்கும் ஆம்ப்ளிஃபையரில் மேல்சத்தத்துக்கு, அதாவது கூரான சத்தத்துக்கு, ஒரு திருகு உண்டு. நான் பின்னால் குந்தியிருந்து அதைத் திருகவேண்டும். "மேலை... மேலை... நில். ஒரு மயிரளவு கீழை." அவள் கண்ணாடிக்கு முன்னால், பொனட்டின் நடுவில் இருந்து பாடுவதுபோல வரவேண்டும். "என்ரை மடியிலை வந்து இருந்தாலும் பிழை, என்ரை மனுசி விடமாட்டா" என்பார். சரியாக வந்த கணத்தில் ஒரு பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சுத்தான் எங்கள் கராஜின் முத்திரை. நகரத்தின் அடுத்த கரையில் இருந்தெல்லாம் கார் வந்தது அதற்குத்தான்.

இப்படி ஓடிய காலத்தில்தான் தனினோ வந்தார். ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரையில் மீன் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். வாயும் பெரியது, மனமும் பெரியது. புதுக் கார் வாங்கியிருந்தார். கொம்பனி ஸ்பீக்கரைக் கழற்றி நல்லது போட்டுக் கொடுத்தோம். மாஸ்த்ரோ கேட்டு, பெருமூச்சு விட்டு, அனுப்பினார். அடுத்த வாரமே தனினோ திரும்பி வந்தார்.

"நினோ, பாட்டிலை அந்தப் பெட்டை 'ஸ்' எண்டு சொல்லுற நேரமெல்லாம் என்ரை காதுக்குள்ளை மீன்முள் குத்துது. என்ரை மனுசி பஞ்சு வைச்சுக்கொண்டுதான் காரிலை ஏறுறா."

"உன்ரை கதையைக் கேக்காமல் இருக்க வைச்சிருப்பா" என்றார் மாஸ்த்ரோ. ஆனாலும் ஏறிக் கேட்டார். "மேலை" என்றார். நான் திகைத்தேன். எனக்கே காது கூசிக்கொண்டிருந்தது. "மேலை எண்டு சொன்னனான்!" என்றார். திருகினேன்.

தனினோ மறுபடியும் வந்தபோது கராஜில் வேறு வாடிக்கையாளர்களும் நின்றார்கள். "நினோ, நீ மனுசருக்கு வேலை செய்யிறியோ, வௌவாலுக்கோ?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சிரிக்காமல் சொன்னார்: "காரை இஞ்சை விட்டிட்டுப் போறன். அடுத்த சனிக்கிழமை வருவன். சரிவராட்டில் அந்தப் பழைய கொம்பனி ஸ்பீக்கரையே திருப்பிப் பூட்டித் தா."

எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய அடி இல்லை. சமைத்ததை வாயில் வைத்துவிட்டு, பேசாமல் பாணும் பட்டரும் தா என்று கேட்பதுபோல. அதுவும் தனினோ. அவர் கடையில் ஒரு மத்தியானம் சொன்னால் கடற்கரை முழுக்கப் பின்னேரம் தெரிந்துவிடும். மாஸ்த்ரோவின் காதுகள் சிவந்துபோயின. "ஸ்பீக்கர் பழுது. வேறை சோடி எடுப்பம்" என்று மட்டும் சொன்னார்.

ஸ்பீக்கர் பழுதில்லை என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். கம்பி அறுந்திருக்கிறதா என்று பார்க்க மீற்றரின் இரண்டு ஊசியையும் கம்பியின் இரண்டு நுனியிலும் தொடுவோம். அறாவிட்டால் மீற்றர் "பீ" என்று கத்தும். மாஸ்த்ரோ கதவுக்குள் தலையை விட்டுக்கொண்டு, மீற்றரைத் தரையில் எங்கோ போட்டுவிட்டு, அந்தச் சத்தத்தை வைத்தே வேலை செய்கிறவர். அந்த வாரம் பார்த்தேன், மீற்றரை மடியில் வைத்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அதிலுள்ள இலக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீற்றர் கத்திக்கொண்டுதான் இருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவி மகேசிடம் சொன்னேன். அவ வியப்படையவில்லை.

"எனக்குத் தெரியுமப்பா. மாஸ்த்ரோவின்ரை மனுசியைச் சந்தையிலை கண்டனான். ரீவி சத்தத்திலை வீடு அதிருதாம். கேட்டால், இப்பத்தைய ஆக்கள் வாய்க்குள்ளை கதைக்கினம் எண்டு சொல்லுறாராம்."

"நான் அவருக்குத் தெரியாமல் அந்தத் திருகை ஒருக்கால் இறக்கிவிட்டால் என்ன, மகேஸ்? தனினோவும் சந்தோசம், அவருக்கும் மானம் போகாது."

"இஞ்சாருங்கோ, அடுத்த காருக்கு? அதுக்கடுத்த காருக்கு? அந்த மனுசன் உயிரோடை இருக்கேக்கையே இல்லாத மாதிரி நடத்தப்போறியளோ? நேரை சொல்லுங்கோ."

"நீர் லேசாய்ச் சொல்லுறீர். அவருக்குக் காதுதான் எல்லாம்."

"அதாலைதான் சொல்லச் சொல்லுறன்."

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வெறுங்காலோடு மலை ஏறினோம். நம்மவர்கள் பலர் அறிவீர்கள், சைவமென்ன கிறிஸ்தவமென்ன, இந்த ஊரில் மனம் பாரமானால் கால் தானாகச் சாந்தா ரொசாலியாவின் குகைக்குப் போகும். பாறையில் இருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. "தாயே, அந்த மனுசன் மனம் நோகாமல் சொல்ல ஒரு சொல்லைத் தா" என்று கேட்டேன்.

தாய் சொல்லைத் தந்தா. கூடுதலாக ஒரு எழுத்தையும் தந்துவிட்டா. திங்கள் காலை வேறு யாரும் வருவதற்கு முன்னம் மாஸ்த்ரோவின் முன்னால் போய் நின்றேன். இத்தாலி பாஷையில் "நொன் சென்தே பேனே" என்றால் உங்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று அர்த்தம். நடுவில் ஒரு "சி" விழுந்து, "நொன் சி சென்தே பேனே" என்றாகிவிட்டால் உங்களுக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். இத்தனை வருசம் இங்கே இருந்தும், அன்றைய நடுக்கத்தில் எனக்கு அந்தச் "சி" விழுந்துவிட்டது.

"எனக்கோ? எனக்கென்ன வருத்தம்? ஆர் சொன்னது?" மாஸ்த்ரோ பதறிப்போய்க் கண்ணூறு கழிய ஆயுதப் பலகையின் இரும்பைத் தொட்டார். "விடியக் காலமை வந்து இதையோ சொல்லுறது?"

"வருத்தமில்லை மாஸ்த்ரோ..."

"பேந்தென்ன? என்ரை முகம் மஞ்சளாய் இருக்குதோ?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இனிப் பேச்சால் முடியாது என்று பட்டது. பலகையில் கிடந்த மீற்றரை எடுத்து, இரண்டு ஊசிகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பிடித்தேன். அது கத்தியது. நான் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்ன செய்யிறாய்?" என்றார்.

"கத்துது, மாஸ்த்ரோ."

அவர் மீற்றரை என் கையில் இருந்து வாங்கினார். வலக்காதில் வைத்தார். இடக்காதில் வைத்தார். திரும்ப வலக்காதில் அழுத்தி வைத்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க மனம் வரவில்லை. "பற்றரி முடிஞ்சுபோச்சு" என்று சொல்லி அதைப் பலகையில் வைத்தார். அது முடியவில்லை என்று இருவருக்கும் தெரியும். பிறகு போய்த் தனினோவின் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் கராஜைக் கூட்டினேன். கூட்டின இடத்தையே திரும்பவும் கூட்டினேன். வேலையை விட்டு நிறுத்திவிடுவார் என்று நான் பயப்படவில்லை. அந்தக் கதவைத் திறந்து வெளியே வருகிறவர் பழைய மாஸ்த்ரோவாக இருப்பாரா என்றுதான் பிள்ளையாரைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியில் கார்க் கதவின் கண்ணாடி இறங்கியது. "ஏறு" என்றார். நான் வழக்கம்போலப் பின்கதவுக்குப் போனேன். "அங்கை இல்லை" என்று சொல்லி இறங்கி, ஓட்டுநர் இருக்கையைக் காட்டினார். நான் ஏறவில்லை. "ஏறடா!" என்றார். ஏறினேன். அவர், தன் வயதையும் பாராமல், பின்னால் போய்க் குந்திக்கொண்டு திருகைப் பிடித்தார். பாட்டுத் தொடங்கியது.

"சொல்லு."

"கீழை, மாஸ்த்ரோ."

"இப்ப?"

"இன்னும் கீழை."

"இன்னுமோ?"

"இன்னும்."

ஒவ்வொரு திருகலுக்கும் எனக்குப் பாட்டு இதமாகிக்கொண்டு வந்தது. பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. எனக்கு இதமான இடத்தில் அவருக்குப் பாட்டுப் போர்வைக்குள் போய்க்கொண்டிருந்தது. அவள் பொனட்டின் நடுவில் வந்து உட்கார்ந்த இடத்தில், "நில்லுங்கோ" என்றேன்.

"உனக்கு அந்தத் தாளம் கேக்குதோ?"

"கேக்குது."

"வடிவாய்க் கேக்குதோ?"

"ஓம் மாஸ்த்ரோ."

அவர் திருகில் இருந்து கையை எடுத்தார். "என்ரை பாட்டிலை தாளக்காரன் எப்பவோ வீட்டுக்குப் போயிட்டான்போலை" என்றார். "எனக்குச் சொல்லாமலே போயிட்டான்."

சனிக்கிழமை தனினோ வந்தார். காரில் ஏறி அதே பாட்டைக் கேட்டார், பிறகு தன் பாட்டுக்களைக் கேட்டார். கண்கள் விரிந்தன. "பாத்தியோ நினோ! உன்ரை காதுதான் காது. நீதானே கேட்டுச் சரிக்கட்டினது?"

மாஸ்த்ரோ துணியால் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். தனினோ என்னைப் பார்த்து, "அவர்தானே?" என்றார். எனக்குப் பொய் சொல்லவும் வராது, அவரைக் காட்டிக்கொடுக்கவும் வராது. தலையை இரண்டு பக்கமும் மெதுவாக ஆட்டினேன். தனினோவுக்கு அது ஒன்றும் விளங்கவில்லை. மாஸ்த்ரோவுக்கு விளங்கியது. நீங்கள்தான் சரிக்கட்டினது என்று சொல்லிக்கொள்ளுங்கோ, நான் வாய் திறக்கமாட்டேன் என்று நான் சொன்னதை அவர் அப்படியே வாசித்தார்.

வாசித்துவிட்டு, நாடியைத் தூக்கி, "ச்சு" என்றார்.

"நானில்லை, தனினோ. இவன். எனக்கு மேல்சத்தம் கேக்கிறேல்லை, மேல்மாடியிலை லைற் அணைஞ்சுபோச்சு. இனி இந்தக் கராஜிலை கதவு என்ரை, காது இவன்ரை."

தனினோ எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு மாஸ்த்ரோவைக் கட்டிப்பிடித்து, "எனக்கும் ஒரு கண் மங்கல், நினோ. மீன் வாங்கேக்கை மனுசியைத்தான் கூட்டிக்கொண்டு போறனான்" என்றார். பயந்ததுபோலவே கடற்கரை முழுக்கச் சொல்லித்தான் திரிந்தார். ஆனால் அவர் சொன்னவிதம் வேறு: "நினோவிட்டை போங்கோ. அங்கை இப்ப ஒரு காருக்கு இரண்டு பேர்."

அப்படித்தான் பல வருசம் நடந்தது. தட்டுவதும், அடைப்பதும், வளையம் வெட்டுவதும் அவர். அடிச்சத்தம் அவருக்கு நன்றாகக் கேட்டது, உள்ளங்கையைக் கதவில் வைத்தே சொல்லுவார். ஓட்டுநர் இருக்கையில் நான். ஆனால் காதுக்கு மெசின் போடுங்கோ என்று சொன்னால் மட்டும் கேட்கமாட்டார். "நான் ஸ்பீக்கரை மற்றவைக்குப் பூட்டுறவன். எனக்கு ஒருத்தரும் பூட்டத் தேவையில்லை" என்பார். கடைசியில் மனைவியின் கரைச்சல் தாங்காமல் ஒருநாள், "நீயும் வா, உன்ரை காதும் வேணும்" என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வியா மக்வேதா வீதிக்குப் பின்னால், காது மெசின் விற்கும் ஒரு சின்னக் கடை. அங்கிருந்த பிள்ளை மிகப் பொறுமையாக அவருக்கு ஒவ்வொரு சத்தமாகப் போட்டுக் காட்டி, எழும்பச் சொல்லி, நடக்கச் சொல்லி, இரண்டு காதிலும் பூட்டி அனுப்பினா. "காது கனகாலம் நித்திரை. எழும்பக் கொஞ்ச நாள் எடுக்கும்" என்று சொன்னா. வெளியே வந்து காரில் ஏறினோம்.

நிறுத்திய இடத்தில் இருந்து தெருவுக்கு எடுக்கச் சிக்னலைப் போட்ட மாஸ்த்ரோ, காரை எடுக்காமல் அப்படியே இருந்தார்.

"இதென்ன?"

"எது, மாஸ்த்ரோ?"

"இந்த டிக், டிக்."

"சிக்னல்தான்."

நிறுத்தினார். திரும்பப் போட்டார். கண்ணை மூடிக்கொண்டார். எங்கள் இடத்துக்காகப் பின்னால் காத்திருந்த கார்க்காரன் ஹோண் அடித்தான். அவனுக்குப் பின்னால் நின்றவனும் அடித்தான்.

"ஹோண் அடிக்கிறாங்கள், மாஸ்த்ரோ."

"அது எனக்கு ஒருநாளும் கேக்காமல் விடேல்லை. பேசாமல் இரு."

இருந்தேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு இடக்காதைத் தொட்டு, "இந்தப் பக்கம் ஒரு மயிரளவு கூடிப்போச்சு. உனக்கும் கேக்குதோ?" என்றார்.

அவர் காதுக்குள் இருக்கிற மெசின் எனக்கு எப்படிக் கேட்கும்? ஆனாலும், "ஓம் மாஸ்த்ரோ" என்றேன்.

"பொய் சொல்லாதை" என்று சிரித்துக்கொண்டே காரைத் தெருவுக்கு எடுத்தார்.